சுவரோவியமும் நிழற்படமும்

ஓவியத்தை நிழற்படம் உள்ளவாறே எடுத்துக்காட்டும் என்ற எண்ணம் படித்தவரிடையேயும் நிலவுகின்றது. தஞ்சைப் பெரியகோயிலின் சோழர் ஓவியங்களை நூல்களில் மட்டுமே கண்டிருக்கும் நம்மவர்க்கு இவ்வெண்ணம் கேடு விளைப்பது. தண்ணீரூற்றிலுள்ள மாணாக்கனுக்குத் தஞ்சைச் சுவர் என்பது அச்சிட்ட தாளேயாகும். ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள அவனுக்கு வேறு வழியில்லை.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி அவ்வோவியங்களைக் கண்டறிந்தார். நாயக்கர் காலத்து ஓவியப் படலத்தின் கீழே அவை மறைந்து கிடந்தன. கருவறையைச் சூழ்ந்த அச்சுற்றறை இருண்டது, மிக ஒடுங்கியது. கமராவுடன் நுழைபவன் பின்வாங்கி நிற்க இடமில்லை. அகன்ற காட்சியைத் தரும் வில்லையைப் பொருத்தினால் ஓரத்து உருவங்கள் இழுபட்டுக் கோணும்; அண்ணாந்து எடுத்தால் மேலுள்ளவை சிறுக்கும். ஆகவே சுவரைத் துண்டு துண்டாக எடுத்துப் பின்னர் இணைத்தல் வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் கமரா சுவருக்கு இணையாகவும் ஒரே தொலைவிலும் நிற்றல் வேண்டும். ஒளி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் சாய்ந்து விழுந்தால் சுதையின் மேடுபள்ளங்கள் நிழலிட்டு, ஓவியன் தீட்டாத கோடுகளெல்லாம் தோன்றும். நேரே வீசினாலோ பளபளப்பு எழுந்து நிறத்தை விழுங்கும்.

நிறத்தின் பாடு இன்னும் கடினம். பழைய மின்குமிழின் வெளிச்சம் காவியை மஞ்சளாக்கி நீலத்தை மங்கச் செய்யும். அளவுகோலையும், நிறங்கள் அறுதியிடப்பட்ட அட்டையொன்றையும் சுவரருகே வைத்தெடுத்து, அச்சேற்றும்போது அவ்வட்டையோடு ஒப்பிடுவதே முறை. அவ்வாறு எடுத்த படத்தையும் 'கண்ணுக்குக் குளிர்ச்சி' வேண்டிக் கெடுத்துவிடுவார் உளர்! எம் வகுப்பிலே இரு நூல்களை அருகருகே விரித்தோம். ஒரே முகம், ஒன்றிற் செங்கல் நிறம், மற்றதில் மாம்பழ நிறம். எது மெய் என்று மாணாக்கி ஒருத்தி கேட்டாள். எந்த ஒளியில், எந்த ஆண்டில் எடுத்த படம் என்பதற்கு இரு நூல்களிலும் ஒரு சொல்லேனும் இல்லை.

நிறப்பிழையினும் பெரும்பிழை வெட்டியெடுத்தல் என்பது எமது கருத்து. 'இராசராசனும் கருவூர்த்தேவரும்' என்ற பெயரோடு இரு உருவங்கள் எங்கும் அச்சாகின்றன. அவர்கள் அவ்விருவர்தாமா என்பதே ஆய்வாளர் ஒருமுகமாக ஏற்காத செய்தி. படமோ ஐயத்துக்கு இடமே வைப்பதில்லை. அதே சுற்றறையில் சுந்தரர் வரலாறு இருக்கின்றது. ஓலையும் குடையுமாக வந்த முதியவரின் வழக்கைக் கேட்டுத் திகைக்கும் அவையோரை ஓவியன் எத்துணைப் பரிவோடு தீட்டியிருக்கின்றான்! வேந்தன் முகத்தைத் தேடும் பதிப்பாளர்க்கு அவ்வூரவர் முகங்கள் வேண்டியிருக்கவில்லை.

மூலம் இருக்கிறதே, பிறகென்ன என்பார்க்கு ஒன்று கூறுவோம். அசந்தாக் குகைகளில் ராபர்ட் கில் ஆண்டுக்கணக்கில் இருந்து தீட்டிய பிரதிகளுட் பெரும்பாலானவை 1866இல் லண்டன் பளிங்கு மாளிகைத் தீயில் வெந்தன. சிகிரியாவில் 1967இல் மூலத்தின் மீதே வண்ணத்தைப் பூசிச் சிதைத்தனர். 2009இல் வன்னி மக்கள் வெறுங்கையராய்ப் பெயர்ந்தபோது கோயிற் சீலைகளும் வீட்டுப் படங்களும் என்னவாயின என்பதை இங்குள்ளார்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

எஞ்சியவற்றை எடுக்க இன்று ஒவ்வோர் இளைஞனிடமும் கைபேசி உண்டு. பகலொளியில், மின்வெட்டொளி இன்றி, படத்துக்கு நேரெதிரே நின்று எடுக்கட்டும். அடிமட்டத்தையும் வெள்ளைத் தாளொன்றையும் ஓரத்தில் வைத்து, முதலில் முழுமையையும் பின்னர் பகுதிகளையும் எடுத்து, ஊரும் நாளும் குறித்து வைக்கட்டும். வரைந்தவர் பெயரை ஊர்ப் பெரியவர்களிடம் இப்பொழுதே கேட்டெழுத வேண்டும்.