மிளகுத்தண்ணி ஏறிய கப்பல்

மேச்சேரிச் செம்மறிக்குக் கொம்பு கிடையாது, ரோமம் குட்டை, கறிக்கும் தோலுக்கும் பேர்போனது. அதன் எலும்பை வேகவைத்து, மிளகு தட்டிப் போட்டுக் குடிக்கும்போதெல்லாம் எனக்கு 'மல்லிகட்டானி' நினைவுக்கு வரும்.

ஆங்கில அகராதியில் அது ஒரே சொல். காதை வைத்துக் கேளுங்கள்: மிளகு, தண்ணி. கும்பினிக்காரர்கள் நம் ஊர் ரசத்தில் கறியைப் போட்டு சூப்பாக்கி, பெயரையும் கூடவே கொண்டுபோனார்கள். 1784-லேயே அச்சொல் ஆங்கிலத்தில் பதிவாகிவிட்டது. மதராஸ் மாகாணத்து வெள்ளைக்காரர்களுக்கு 'மல்' என்ற பட்டப்பெயர் வந்ததும் இதனால்தான் என்கிறது 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி. (கொத்தமல்லிக்கும் இந்த 'மல்லி'க்கும் சம்பந்தமில்லை!)

எனக்குப் பிடித்த வேடிக்கை வேறு. தண்ணீரே ஒரு கூட்டுச்சொல்: தண் என்றால் குளிர்ச்சி, அதோடு நீர். ஆக, லண்டனில் ஆவி பறக்க வந்த அந்தக் கிண்ணத்தின் பெயருக்குள் குளிர்ச்சி ஒளிந்திருக்கிறது.

பிற்பாடு அதில் ஆப்பிளும் கிரீமும் சேர்த்தார்கள். ருசி எப்படியோ, அது மிளகுத்தண்ணி இல்லை.