பெயரும் மாறிப்போன பெண்

பனிச்சறுக்கு நடனக்காரர்கள் நாடு மாறினால், 'துரோகம்' என்பார் ஒருவர். 'கலைக்கு எல்லை ஏது' என்பார் இன்னொருவர். இரண்டும் ஆளைப் பார்க்காமல் சொல்லுகிற வார்த்தைகள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

யூகோ கவாகுச்சி என்ற ஜப்பானியப் பெண்ணை எடுத்துக்கொள்ளலாம். 1998 நாகானோ ஒலிம்பிக்கில் ஒரு ருஷ்ய ஜோடியின் ஆட்டத்தைக் கண்டு மயங்கி, அவர்களுடைய ஆசிரியை தமாரா மாஸ்க்வினாவைத் தேடிப் போனவர். ஆசிரியை அமெரிக்காவில் இருந்தபோது அங்கே, பிறகு பீட்டர்ஸ்பர்க்கிலே. நம்மில் குருகுலவாசம் என்பார்களே, அதுதான்.

உலகப் போட்டிகளில் ஜோடியில் ஒருவர் பிரஜையாக இருந்தால் போதும். ஒலிம்பிக்கில் இருவரும் இருந்தாக வேண்டும். வலிய வேறு நாட்டுப் பிரஜையானவரை ஜப்பானியச் சட்டம் தன் பிரஜையாக வைத்துக்கொள்ளாது. ஸ்மிர்னோவுடன் 2010 வான்கூவரில் ஆட, அவர் பிறந்த நாட்டின் உரிமையையே விட்டார். கிடைத்தது? முதல் ஆட்டத்தில் மூன்றாவது, முடிவில் நாலாவது. 1964 முதல் 2006 வரை சோவியத், ருஷ்ய ஜோடிகளை விட்டுப் போகாத தங்கம் அந்த வருஷம் சீனாவுக்குப் போயிற்று. 2014 சோச்சிக்கு, ஸ்மிர்னோவின் காயத்தால், போகவே முடியவில்லை.

கதை எழுதுகிறவனான என்னை உறுத்துவது பதக்கமல்ல, பெயர். ருஷ்ய எழுத்தில் புகுந்து திரும்பியதில் கவாகுச்சி 'கவாகுத்தி' ஆகிவிட்டது; போட்டிப் பட்டியல்களில் அப்படியே நிலைத்தும் விட்டது. அந்தப் பெயரில்தான் 2015-ல், 33 வயதில், ஃபூனாபாஷியில் பிறந்த அந்தப் பெண் இரண்டாம் முறையாக ஐரோப்பியச் சாம்பியன் பட்டம் வாங்கினார்.