கொத்தின் நடுவே கருந்துளை: காண்டலா, கருதலா?

ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் கொத்தின் நடுவே கருந்துளை ‘கண்டுபிடிக்கப்பட்டது’ என்ற செய்தி 2024 ஜூலையில் உலக ஏடுகளில் பரவியது. ஆய்வை நாம் குறை கூற வரவில்லை; அந்தச் சொல்லைத்தான் ஐயுறுகிறோம். காண்டல் வேறு, கருதல் வேறு என்பதை அளவை நூல் பயின்ற தமிழாசிரியர்கள் நன்கறிவர். மலைமேல் புகை கண்டு நெருப்புண்டு என்பது கருதல். புகைபோல் தோன்றியது பனியாயின் அது நில்லாது.

ஒமேகா சென்டாரி ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் உருண்டையாகத் திரண்ட கொத்து. சித்திரை, வைகாசி இரவுகளில் நம் நாட்டுத் தென்வானில் மங்கிய ஒற்றை மீனாக வெறுங்கண்ணுக்கே தெரியும். கருந்துளையோ ஒளி விடாது. ஆதலின் வானநூலார், அருகிலுள்ள மீன்களின் வேகத்தை அளந்து, அவற்றை ஈர்க்கும் நிறையைக் கணக்கிடுகின்றனர். இடர்ப்பாடு இங்கேதான். வேகம் நிறையைச் சொல்லும். அந்நிறை ஒரே பொருளா, பல பொருள்களின் கூட்டமா என்பதை எளிதிற் சொல்லாது. கொத்தில் கனத்தவை நாளடைவில் நடுவே அமிழும். எரிந்து முடிந்த மீன்களின் எச்சங்களும் சிறு கருந்துளைகளும் அங்கே குவிந்து, ஒரு பெருங்கருந்துளையின் வேடம் பூணக்கூடும்.

இது வெறுங் கற்பனையன்று. எம்-15 என்னும் கொத்தில் 4,000 சூரிய நிறையளவு கருந்துளை இருக்கலாம் என 2002இல் அறிவித்தனர். அவர்கள் ஒப்பிட்ட பழைய வரைபடம் ஒன்றின் அளவுக் குறியில் பிழை இருந்தது பின்னர்த் தெரிந்தது. திருத்தியதும் சான்று மெலிந்தது. ஒரு வரைபடப் பிழை என்ன பாடு படுத்துகிறது பாருங்கள்! ஒமேகா சென்டாரியிலும் 2008இல் 40,000 சூரிய நிறை என்றனர். 2010இல் வேறிருவர் ஹபிள் தொலைநோக்கிப் படங்களை ஆராய்ந்து, கொத்தின் நடுவிடமே வேறு என்றும், நிறை 12,000க்கு மேற்படாது என்றும் காட்டினர்.

2024இல் ஹேபர்லேயும் குழுவினரும் கொணர்ந்த வாதம் இவற்றினும் வலியது. இருபதாண்டுகளுக்கு மேற்பட்ட ஹபிள் படங்களிலிருந்து 14 லட்சம் மீன்களின் அசைவை அளந்தனர். நடுவிடத்தை ஒட்டி ஏழு மீன்கள், கொத்தைவிட்டே ஓடிவிடத்தக்க வேகத்தில் செல்கின்றன. அவை ஓடிவிடாதிருக்க 8,200 சூரிய நிறையேனும் அங்கே வேண்டும் என்பது அவர்கள் முடிவு. இது நல்ல கருதல். ஆயினும் 2025இல் மற்றொரு குழுவினர், துடிப்பு விண்மீன்களின் சான்றையும் சேர்த்து, நடுவிலுள்ளது பரந்து கிடக்கும் கூட்டமே என்றும், தனிக் கருந்துளை இருப்பினும் 6,000க்கு மிகாது என்றும் எழுதினர். 8,200க்குக் குறையாது என்பதும் 6,000க்கு மிகாது என்பதும் ஒருங்கே நில்லா.

பால்வீதியின் நடுவில் எஸ்-2 என்னும் மீன், 16 ஆண்டில் ஒரு முழுச் சுற்று வருவதைப் பின்தொடர்ந்தே கண்டனர். ஒமேகா சென்டாரியின் ஏழு மீன்களுக்கு அத்தகைய முழுச்சுற்று எதுவும் இன்னும் வரையப்படவில்லை. அந்த வளைவு கிட்டுமாயின் எம் ஐயம் பெரிதும் தீரும்.

இன்னொன்றும் உண்டு. ஒமேகா சென்டாரி, பால்வீதி விழுங்கிய ஒரு சிறு விண்மீன் மண்டலத்தின் எஞ்சிய கருவே என்று பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின், அங்கே கருந்துளை உறுதிப்பட்டாலும், பிற உருண்டைக் கொத்துகளுக்கு அது சான்றாகாது.