ஓர் உருவகத்தின் சௌகரியங்கள்

பயங்கரவாதத்தை எதிர்ப்பதைப் ‘போர்’ என்று சொல்வதா கூடாதா என்பது வெறும் சொற்சண்டை, செத்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று சொல்பவர்கள் எழுத்தாளர்களிடையேயும் இருக்கிறார்கள். வேறு யாராவது சொன்னால் விட்டுவிடலாம். ஒரு சொல் சரியாக விழவில்லை என்று கவிதையை ஆறு மாதம் கையில் வைத்திருப்பவன் இப்படிச் சொன்னால், அவனுக்குத் தன் காரியத்திலேயே நம்பிக்கை இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். இந்தப் பெயரை வைத்துத்தான் சிலர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், சிலர் விசாரணையே இல்லாமல் கூண்டில் கிடந்தார்கள். ஆகவே இது நம் விஷயம்தான்.

இதை முதலில் ஓர் உருவகமாகப் பார்க்கிறேன். 1964-ல் அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வறுமையின் மீது போர் தொடுப்பதாக அறிவித்தார். ஏழைகள் வீட்டில் யாரும் குண்டு போடவில்லை. போரின் தீவிரத்தையும் அவசரத்தையும் மட்டுமே அந்த உருவகம் இரவல் வாங்கியது. இரவல் என்பது சொன்னவருக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். உருவகத்துக்கு இந்தப் பிரக்ஞை அவசியம். முகத்தை நிலவு என்பவன் அதில் இறங்கி நடக்கப் போவதில்லை. 2001 செப்டம்பரில் ஜார்ஜ் புஷ் பிரகடனம் செய்த ‘பயங்கரவாதத்தின் மீதான போர்’ இந்தப் பிரக்ஞையைக் கலைத்துவிட்டது. கொல்லும் உரிமை என்று வந்தால் அச்சொல்லுக்கு நேர்ப்பொருள். கொல்கிறவனுக்குரிய கடமைகள் என்று வந்தால் அது உருவகம். என் ஆட்சேபம் இதுதான்.

மூலப் பிரதியைப் பாருங்கள். 2001 செப்டம்பர் 14-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய தீர்மானத்தின் மையம் ஒரே வாக்கியம். ஆங்கிலத்தில் 60 வார்த்தைகள். ‘போர்’ என்ற சொல்லே அவ்வாக்கியத்தில் கிடையாது. செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டவர், செய்தவர், உதவியவர், அவர்களுக்கு இடம் கொடுத்தவர் என்று ஜனாதிபதி எவரைத் தீர்மானிக்கிறாரோ, அந்த நாடுகள், அமைப்புகள், நபர்கள் மீது படைபலத்தைப் பிரயோகிக்கலாம் என்கிறது அது. எதிரியின் பெயர் இல்லை. இடம் இல்லை. முடியும் நாள் இல்லை. தீர்மானிக்கிற அந்த ஒருவர் மட்டுமே அதில் உறுதியாக நிற்கிறார். பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 420, எதிர்ப்பு 1. எதிர்த்தவர் பார்பரா லீ. அந்த வாக்கியத்தை அக்கறையுள்ள வாசகராகப் படித்தவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குப் படுகிறது. அதே வாக்கியம் பின்னால் ஏமனுக்கும் சோமாலியாவுக்கும் போயிற்று.

சரி, போர் என்றே வைத்துக்கொள்வோம். போருக்கு 1949-ன் ஜெனீவா ஒப்பந்தங்கள் உண்டு. பிடிபட்ட போர்க்கைதி தன் பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் இவற்றுக்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வைப்பதற்காக வதைக்கக் கூடாது. சண்டை ஓய்ந்ததும் ஊருக்கு அனுப்ப வேண்டும். 2002 ஜனவரி 11-ல் குவாண்டனாமோவுக்கு முதல் கைதிகள் வந்தார்கள். பிப்ரவரி 7-ல் புஷ், அல்-கொய்தாவினருக்கும் தாலிபான்களுக்கும் போர்க்கைதி அந்தஸ்து கிடையாது என்று முடிவு செய்தார். அப்படியானால் குற்றவாளிகளா? அதுவும் இல்லை. குற்றவாளிக்கு வக்கீல் வேண்டும், குற்றச்சாட்டு வேண்டும். அங்கே அடைக்கப்பட்ட ஏறத்தாழ 780 பேரில் பெரும்பாலோர் மீது எந்தக் குற்றச்சாட்டும் சுமத்தப்படவே இல்லை. இரண்டு பெயர்களுக்கும் நடுவே ஓர் இருட்டறை கட்டி மனிதர்களை அதில் வைத்தார்கள்.

இதன் தலைகீழ் வடிவம் வட அயர்லாந்தில் முன்பே நடந்தது. அங்கே தங்களைப் படைவீரர்கள் என்றவர்கள் கைதிகள். குற்றம், குற்றம் மட்டுமே என்று சாதித்தது பிரிட்டிஷ் அரசு. 1976 மார்ச் முதல் தண்டனை பெறுபவர்களுக்கு விசேஷ அந்தஸ்து மறுக்கப்பட்டது. அதைத் திரும்பப் பெறுவதற்காக 1981-ல் பாபி சாண்ட்ஸும் இன்னும் ஒன்பது பேரும் பட்டினி கிடந்து செத்தார்கள். ‘குற்றம்’ என்ற சொல்லும் சுத்தமாக இருந்துவிடவில்லை. 1973 முதல் அங்கே இவ்வகை வழக்குகள் ஜூரி இல்லாமல் நடந்தன. இங்கிலாந்தில் 1975-ல் தவறாகத் தண்டிக்கப்பட்ட பர்மிங்ஹாம் அறுவர் 16 ஆண்டு சிறையில் கிடந்தார்கள். ஆனால் 1991-ல் அவர்கள் வெளியே வந்ததும் அதே நீதிமன்றப் படியேறித்தான். குற்றம் என்று அழைத்த அரசு தான் இழைத்த அநீதியை அநீதி என்று நிரூபிப்பதற்கும் ஓர் இடத்தை விட்டுவைக்க வேண்டியிருக்கிறது. போர் என்ற சொல்லில் அந்த இடம் சுலபமாக அடைபட்டுவிடுகிறது.

ஒரே காலையில் கிட்டத்தட்ட 3,000 பேர் மாண்டதற்குக் குற்றம் என்பது மிகச் சிறிய சொல் என்பார்கள். இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2001 அக்டோபர் 7-ல் ஆப்கானிஸ்தானில் தொடங்கியது போர்தான். அதைப் போர் என்றே சொல்வேன். அதற்குக் களம் இருந்தது, எதிரி இருந்தான். 2021 ஆகஸ்டில் அது முடிந்தது, யார் வென்றார்கள் என்றும் சொல்ல முடிகிறது. மிச்சத்துக்கு இதே கட்டிடங்களின் கதை போதும். 1993-ல் உலக வர்த்தக மையத்தில் குண்டு வைத்து 6 பேரைக் கொன்ற ரம்ஸி யூசுப் 1995-ல் பாகிஸ்தானில் பிடிபட்டான். 1998-ல் நியூயார்க் நீதிமன்றம் அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2001 தாக்குதலின் சூத்திரதாரி அவனுடைய மாமன் காலித் ஷேக் முகமது. 2003-ல் பிடிபட்டான். மூச்சுத் திணறத் தண்ணீர் ஊற்றும் வதை 183 தடவை. 2024 முடியும்வரை தீர்ப்பில்லை. செத்தவர்களின் குடும்பத்துக்கு எந்தச் சொல் நீதி தந்தது? மருமகனைத் தண்டித்தது 2001-ஐத் தடுக்கவில்லையே என்றால், போர் 2005-ல் லண்டனில் 52 பேர் செத்ததைத் தடுத்ததா என்று நானும் கேட்பேன்.

பெயரை மட்டும் கழற்றிவிடுவதும் ஏமாற்றுத்தான். 2013-ல் ஒபாமா, எல்லையற்ற உலகளாவிய போராக இதைக் கருதக் கூடாது என்று பேசினார். அவர் பதவி விலகியபோதும் அந்த 60 வார்த்தைகள் சட்டத்தில் இருந்தன.

தமிழ் வாசகன் இதன் மறுபக்கத்தை நேரடியாக அறிவான். 2006 முதல் 2009 வரை இலங்கையில் பீரங்கியும் விமானமும் முன்னணி அரண்களும் கொண்டு இரு தரப்பும் நடத்தியது எந்த இலக்கணப்படியும் போர். புலிகள் சனங்களை வெளியேற விடவில்லை. அரசு அந்தச் சனங்கள் நெருக்கியடித்திருந்த இடத்தில் ஷெல் அடித்தது. உள்ளூரில் ‘ரணவிரு’ என்று படைவீரனைப் போற்றிய அரசு, வெளியுலகுக்கு அதை ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்றது. 2011-ல் பாதுகாப்பு அமைச்சு வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே அது இருக்கிறது. வாஷிங்டன் போரில்லாத இடங்களுக்கும் போர் என்ற பெயரை நீட்டியது. கொழும்பு போர் நடந்த இடத்தில் அப்பெயரை மறைத்தது. இருவரும் தட்டிக் கழித்தது ஒரே கணக்கைத்தான்.

நம்மிடம் ‘போர்’ உண்டு, ‘போராட்டம்’ உண்டு. நோயோடும் பசியோடும் போராடலாம். போர் அப்படியல்ல. அது வெட்சியில் தொடங்கினால் வாகையில் முடிந்தாக வேண்டும் என்று கட்டம் பிரித்த இலக்கணம் நம்முடையது. இவ்வளவு இருந்தும் நம் தினசரிகள் வாஷிங்டன் சொன்னதை அப்படியே தமிழில் இறக்கிவைத்தன. நாமும் நம் கட்டுரைகளில் அதை எடுத்து எழுதினோம். இனி அந்தத் தொடரை எழுத நேர்ந்தால் மேற்கோள் குறியாவது போடுவோம். அது யாருடைய சொல் என்பதாவது தெரியட்டும்.