வேம்பின் வாழ்த்து: சிங்கப்பூர்க் காற்பந்து இரசிகரின் சினமொழி

வென்ற அணியைப் புகழ்வதற்குச் சொல் தேட வேண்டுவதில்லை. அது தானே வந்து நாவில் அமரும். தோற்ற அணியைப் பற்றிப் பேசும்போதுதான் ஒருவருடைய அன்பின் ஆழமும் அறிவின் தெளிவும் நாவின் ஒழுங்கும் ஒருங்கே வெளிப்படுகின்றன. ஆதலின், ஒரு நாட்டு மக்களின் மொழிப் பண்பை அறிய விழைவோர் வெற்றி விழா மேடைகளை நாடுவதினும், தோல்விக்கு மறுநாள் காலையில் கோப்பிக் கடைகளில் எழும் பேச்சினைச் செவிமடுத்தல் பயன்தரும்.

சிங்கப்பூரில் அத்தகைய பேச்சினைக் கேட்பதற்குத் தேக்கா வட்டாரம் மிகப் பொருத்தமான இடமாகும். சிராங்கூன் சாலையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் 1929இல் திறக்கப்பெற்ற ஜாலான் புசார் விளையாட்டரங்கம் உள்ளது. மறுபுறம், முன்னொரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடலாக விளங்கிப் பின்னர்த் தலைமுறை தலைமுறையாக இளைஞர் பந்துதைத்த ஃபேரர் பார்க் திடல். இவ்விரண்டுக்கும் இடையே அமர்ந்து தோசை உண்ணும் முதியவர் ஒருவர் தேசியக் காற்பந்து அணியைத் திட்டும்போது, அவர் அயலார் ஒருவரைத் திட்டுவதில்லை. தம் வீட்டுப் பிள்ளையையே திட்டுகின்றார்.

அத்திட்டு இலக்கியம் ஆகுமா என்று வினவலாம். ஆகாது எனினும், இலக்கணத்தின் கண்கொண்டு நோக்கத் தக்கதே. பழிமொழியும் இரங்கல்மொழியும் கடிந்துரையும் ஒன்றல்ல என்பதைத் தொல்காப்பியர் நன்கு உணர்ந்திருந்தார். அங்கதத்தைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் அவர் பிரித்தார்; கையறுநிலையைப் புறத்திணையுள் வைத்தார்; வாயுறை வாழ்த்து என்னும் அரிய வகையொன்றையும் வகுத்தார். இந்நான்கு பிரிவுக்குள்ளும் காற்பந்து இரசிகரின் சினமொழி முழுவதும் அடங்கிவிடுதல் வியப்புக்குரியது.

செம்பொருள் அங்கதம்

மறைவின்றி வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். 2023 ஜனவரி 3 அன்று புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசியாவிடம் 1-4 என்னும் கணக்கில் சிங்கப்பூர் தோற்றுத் தென்கிழக்காசியக் கிண்ணப் போட்டியிலிருந்து வெளியேறியது. அத்தகைய இரவுகளுக்குப் பின் எழும் மொழி இவ்வகையினது. "ஓடத் தெரியாதவர்கள்", "சம்பளத்துக்கு ஆடுபவர்கள்" என்பன போன்ற சொற்கள் அதில் மலிந்திருக்கும்.

இம்மொழியை முற்றும் ஒதுக்கிவிடல் முறையன்று. ஆட்டத்தின் குறையைச் சுட்டும் அளவில் அது நேர்மையுடையது. அது பிழைபடுவது குறையிலிருந்து ஆளுக்குத் தாவும்போதுதான். 'இன்று பந்தை விரைந்து கடத்தவில்லை' என்பது மதிப்பீடு. 'இவன் எதற்கும் பயன்படான்' என்பது வசை. முன்னதைக் கேட்ட ஆட்டக்காரர் நாளை திருத்திக்கொள்ளலாம்; பின்னதைக் கேட்டவர் எதனைத் திருத்துவார்? மேலும், குறையின் வேர் பெரும்பாலும் ஆட்டக்காரரிடம் இல்லை. பன்னிரண்டு வயதில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, பதினெட்டு வயதளவில் ஈராண்டுத் தேசிய சேவை, அடுக்குமாடிகளுக்கு இடையே அருகிவரும் திறந்த திடல்கள், உள்நாட்டு ஆட்டத் தொழிலின் நிலையற்ற வருமானம் ஆகிய அனைத்தும் கூடியே ஓர் அணியை உருவாக்குகின்றன. களத்தில் நிற்கும் பதினொருவர் மீது மட்டும் பாயும் வசை அவற்றைக் காணத் தவறுகின்றது. தன் பிள்ளை துணைப்பாட வகுப்புக்குச் செல்ல வேண்டும் என்பதற்காகப் பந்தைப் பறித்து வைக்கும் தந்தையே மாலையில் தேசிய அணியைப் பழிப்பதும் உண்டு. அவ்விரு செயலுக்கும் இடையிலுள்ள உறவை அவர் அறிவதில்லை.

பழிகரப்பு அங்கதம்

புகழ்வது போலப் பழிப்பது இரண்டாம் வகை. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்ட ஔவையார், அங்குள்ள கருவிகள் எண்ணெய் பூசப்பெற்று, மயிற்பீலி அணிந்து பொலிவோடு இருப்பதையும், அதியமானின் வேல்களோ நுனி முரிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதையும் பாடினார். புகழ்ச்சியின் உள்ளே பழிப்பு பொதிந்திருந்தது. போர் காணாத படைக்கலமே பொலிவோடு இருக்கும் என்பது கருத்து.

சிங்கப்பூர் இரசிகர் இக்கலையில் வல்லவர். பழைய தேசிய விளையாட்டரங்கம் காலாங்கில் 1973இல் திறக்கப்பெற்று 2007இல் மூடப்பெற்றது. அதன் இடத்தில் திறந்து மூடும் கூரையோடு கூடிய புதிய அரங்கம் 2014இல் எழுந்தது. "கூரை மிக நன்று, மழை பெய்தாலும் தோற்கலாம்" என்று இரசிகர் ஒருவர் சொல்வாராயின், அவர் ஔவையாரின் வழியில் நிற்கின்றார். 1998இல் அன்றைய பிரதமர் கோ சோக் தோங் 2010ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டிக்குத் தகுதி பெறுவதை நாட்டின் இலக்காக அறிவித்தார், அவ்விலக்கு எய்தப்பெறவில்லை. "2010 என்றது ஆண்டையன்று, இரவு எட்டு மணி பத்து நிமிடத்தை" என்பது போன்ற நகைமொழி அதன்பின் எழுந்தால் வியப்பில்லை. 2021இல் 2034ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை நோக்கிய புதிய திட்டம் தொடங்கப்பெற்றபோதும் அந்நகை தொடர்ந்தது.

பழிகரப்பு அங்கதம் அறிவின் விளையாட்டு. ஆயினும் அதில் ஓர் இடர் உண்டு. ஔவையார் பாடியது ஒரு போரைத் தவிர்ப்பதற்கு. அதற்கு நோக்கம் இருந்தது. நோக்கமற்ற நகை, நகைப்பவரை மட்டுமே மகிழ்விக்கும். ஒவ்வொரு முயற்சியையும் தொடங்குமுன்னரே நகைத்து முடிக்கும் சமூகத்தில், தோல்விக்கு அஞ்சுவதைவிட நகைப்புக்கு அஞ்சியே இளைஞர் முயலாது ஒழிவர்.

கையறுநிலை

இழந்ததை எண்ணி ஏங்குவது கையறுநிலை. 1977 மே 28 அன்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் பினாங்கை 3-2 என்னும் கணக்கில் கூடுதல் நேரத்தில் வென்று, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் மலேசியக் கிண்ணத்தைச் சிங்கப்பூர் கைப்பற்றியது. பயிற்றுவிப்பாளர் சூ செங் குவீ, அணித்தலைவர் சமது அல்லாப்பிச்சை, வெற்றி கோலைப் புகுத்திய குவா கிம் சோங் ஆகியோர் பெயர்களை மூத்த இரசிகர் மந்திரம் போல் ஓதுவர். 1980இல் சிலாங்கூரை வென்றதையும், 1994இல் பாகாங்கை 4-0 என வீழ்த்திக் குழுச்சுற்றுப் பட்டத்தோடு கிண்ணத்தையும் ஒருங்கே வென்றதையும் சேர்த்து உரைப்பர். "அக்காலத்துக் காலாங் முழக்கம் எங்கே?" என்பது அவர்தம் பல்லவி.

இவ்விரங்கலில் உண்மை உண்டு. ஐம்பத்தைந்தாயிரம் பேர் அமரும் அரங்கம் நிரம்பி வழிந்த காலம் அது. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே குரலில் கத்திய இடம் அது. எனினும் திறனாய்வாளர் ஒன்றைச் சுட்டாமல் விடல் இயலாது. மலேசியக் கிண்ணம் என்பது நாடுகளுக்கிடையே நடைபெற்ற போட்டியன்று. மலேசிய மாநிலங்களோடு சிங்கப்பூர் மோதிய போட்டி. 1994 இறுதியாட்டத்தில் மூன்று கோல் புகுத்திய அப்பாஸ் சாட் ஆஸ்திரேலியர். சிங்கப்பூர் அப்போட்டியை விட்டு விலகி 1996இல் சொந்தக் குழுச்சுற்றைத் தொடங்கிய பின்னரே, தென்கிழக்காசிய நாடுகளின் பட்டத்தை 1998, 2005, 2007, 2012 ஆகிய ஆண்டுகளில் நான்கு முறை வென்றது. 1998இல் ஹனோயில் வியட்நாமை வீழ்த்திய ஒற்றைக் கோல் ஆர். சசிகுமாரின் தோளில் பட்டுச் சென்றது என்பதை எத்தனை தமிழ் மாணவர் அறிவர்? தேசிய அணியின் மெய்யான உச்சங்கள் மறக்கப்பட, ஒரு கூட்டத்தின் இளமை நினைவே வரலாறாக நிலைத்துவிட்டது. கையறுநிலை பாடுவோர் இறந்தவரைப் பாடுகின்றாரா, தம் இளமையைப் பாடுகின்றாரா என்னும் வினா இங்கு எழுகின்றது.

வெண்ணிப் பறந்தலையும் காலாங் திடலும்

தோல்வியை எவ்வாறு அளப்பது என்பதற்குப் புறநானூறு ஓர் அரிய சான்று தருகின்றது. வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனோடு பொருத பெருஞ்சேரலாதன் முதுகில் புண்பட்டான். அந்நாணம் பொறாது வடக்கிருந்தான். வென்ற கரிகாலனை நோக்கியே பாடிய வெண்ணிக்குயத்தியார், வென்றவனைவிட நாணி வடக்கிருந்தவன் நல்லவன் அல்லனோ என்னும் பொருள்பட வினவினார். புலவர் ஒருவர் வெற்றி வேந்தனின் முகத்துக்கு நேரே இவ்வாறு கேட்டது, அளவுகோல் வெற்றியன்று, மானமே என்பதை நிறுவுகின்றது.

சிங்கப்பூர் இரசிகரும் இவ்வளவுகோலை அறிந்தவரே. 2021 டிசம்பர் 25 அன்று தென்கிழக்காசியக் கிண்ண அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில், காலாங் அரங்கில் இந்தோனேசியாவை எதிர்த்துச் சிங்கப்பூர் ஆடியது. இருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறிய பின்னரும், ஒன்பது பேரோடு 2-1 என முன்னிலை பெற்றது. எதிரணி சமன் செய்தது. இறுதி நிமிடங்களில் கிட்டிய பெனால்டி வாய்ப்பும் நழுவியது. கூடுதல் நேரத்தில் கோல்காவலரும் வெளியேற்றப்பட, எட்டுப் பேரோடு ஆட்டத்தை முடித்து 2-4 எனத் தோற்றது. அவ்வணியை வசைபாடியவரினும் எழுந்து நின்று கைதட்டியவரே மிகுதி.

2024 ஜூன் 11 அன்று தாய்லாந்திடம் சிங்கப்பூர் 1-3 எனத் தோற்றது. மூன்று கோல் வேறுபாட்டில் வென்றிருப்பின் தாய்லாந்து முன்னேறிச் சீனா வெளியேறியிருக்கும். பதினொரு முறை கோலைத் தடுத்த ஹசான் சன்னியின் உழைப்பால் அது நிகழவில்லை. நன்றி மிகுந்த சீன நாட்டு இரசிகர் தெம்பனிசில் அவர் நடத்திய நாசி லெமாக் கடையைத் தேடி வந்து வரிசையில் நின்றனர். தோற்ற அணியின் கோல்காவலரை அயல்நாட்டார் வந்து போற்றியபோது, உள்நாட்டு இரசிகர் பலர் தம் வீட்டு விளக்கின் ஒளியை அடுத்த வீட்டார் சொல்லக் கேட்டு அறிந்தவர் ஆயினர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் 2023இன் புக்கிட் ஜாலில் ஆட்டத்தோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். இரசிகரின் சினம் தோல்வியின் மீது எழுவதன்று. போராடாத் தோல்வியின் மீது எழுவது.

வாயுறை வாழ்த்து

தொல்காப்பியர் கூறும் வாயுறை வாழ்த்து, வேப்பங்காயைப் போல் முதலில் கசந்து, பின்னர் நன்மை பயக்கும் சொல். அதனை அவர் பழிப்பின் வகையாகக் கொள்ளாமல் வாழ்த்தின் வகையாகவே கொண்டார் என்பது ஆழ்ந்து எண்ணத் தக்கது. திருவள்ளுவரும் இடித்துரைக்கும் பெரியோரைத் துணையாகக் கொள்ளுதலை அரசனுக்கு அரண் என்றே கருதினார்.

வாயுறை வாழ்த்துக்கு மூன்று இயல்புகள் இருத்தல் வேண்டும். முதலாவது, சொல்பவர் அங்கே இருக்க வேண்டும். ஆட்டத்தைக் காணாமலே தூற்றுபவர் திறனாய்வாளர் ஆகார். இரண்டாவது, குறை இன்னதெனப் பெயர் சொல்லிச் சுட்ட வேண்டும். மூன்றாவது, திருந்தியபோது அதனை ஒப்புக்கொள்ளும் நேர்மை வேண்டும்.

இம்மூன்றாவதுக்கு 2025ஆம் ஆண்டு ஒரு சோதனையாக வந்தது. ஆசியக் கிண்ணத் தகுதிச்சுற்றில் சிங்கப்பூரும் இந்தியாவும் ஒரே பிரிவில் இடம்பெற்றன. அக்டோபர் 9 அன்று காலாங்கில் இரண்டும் 1-1 எனச் சமன் கண்டன; அக்டோபர் 14 அன்று கோவாவில் சிங்கப்பூர் 2-1 என வென்றது. கிரிக்கெட் என்றால் இந்தியாவுக்குக் குரல் கொடுத்துப் பழகிய தேக்காவின் தமிழ்க் குடும்பங்களில் 'எந்த அணி நம் அணி?' என்னும் வினா அன்று எழாமல் இருந்திராது. இங்கே பிறந்து, இங்கே தேசிய சேவை ஆற்றிய இளைஞனுக்கு விடை எளிது. தாத்தாவுக்கு அது சற்றே கடினம். அவ்விருவரும் ஒரே சாய்விருக்கையில் அமர்ந்து கண்டதே சிங்கப்பூர்த் தமிழரின் வரலாறு. பின்னர் நவம்பர் 18 அன்று ஹாங்காங்கில் முற்பாதியில் பின்தங்கியிருந்த சிங்கப்பூர், பிற்பாதியில் இரு கோல் புகுத்தி 2-1 என வென்று, 2027 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. 1984இல் போட்டியை ஏற்று நடத்தும் நாடு என்னும் உரிமையால் பங்குபெற்ற அணி, தன் ஆற்றலால் தகுதி பெற்றது இதுவே முதன்முறை. 2020களின் தொடக்கத்தில் உலகத் தரவரிசையில் 150ஆம் இடத்துக்கும் கீழே கிடந்த அணி அது. பல்லாண்டு கசப்பை உமிழ்ந்த நா அன்று இனிப்பையும் உரைத்ததா என்பதே இரசிகரை அளக்கும் கோல்.

இவ்வாய்வு தமிழ் வகுப்பறைக்கும் உரியதே. இன்றைய மாணவரிற் பலர் தேசிய அணியைத் திட்டுவதுகூட இல்லை. ஆங்கிலேயக் குழுக்களின் சட்டையை அணிந்து, அவற்றின் வெற்றி தோல்விகளிலேயே வாழ்கின்றனர். வசையைவிடக் கொடியது இம்மௌனம். திட்டும் முதியவர் இன்னும் எதிர்பார்க்கின்றார். மௌனமான இளைஞரோ எதிர்பார்ப்பதை விட்டுவிட்டார். தமிழ்மொழிக்கும் இதே நிலை நேரக்கூடும். பிழையாகப் பேசும் மாணவனைக் கடிந்துகொள்ளும் ஆசிரியர் உள்ளவரை மொழிக்கு அச்சமில்லை. பிழையும் சரியும் ஒன்றே என விட்டுவிடும் நாளில்தான் அச்சம். எழுத்தாளர் கூட்டங்களிலும் வெறும் பாராட்டும் வெறும் பழிப்புமே நிறைந்து, குறையைப் பெயர் சொல்லிச் சுட்டும் அன்புமொழி அருகி வருமாயின், அங்கும் வேம்பு வேண்டியதே.

மாணவன் கட்டுரையின் ஓரத்தில் ஆசிரியர் இடும் சிவப்பு மை, அவன் நன்றாக எழுதக்கூடியவன் என்னும் நம்பிக்கையின் அடையாளம். தேக்கா கோப்பிக் கடையில் எழும் கசப்புச் சொல்லும் அத்தகையதே. அடுத்த ஆட்டத்துக்கும் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு திட்டுபவரின் திட்டு, திட்டன்று, வாழ்த்து.