கண் இல்லாத ஆயர்

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால், மறுநாள் செய்தியில் அடிக்கடி வருகிற வரி ஒன்று உண்டு: போர்மேன் கைது. சில சமயம் சூப்பர்வைசர். ஒரு அறைக்குள்ள எத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க, மருந்து அளவு மீறுதா என்று பார்க்க வேண்டிய ஆள் அவர். பார்க்கத் தவறினால் பதில் சொல்ல வேண்டும். பிஷப்பைப் பற்றி எழுத வந்தவன் ஏன் இங்கே தொடங்குகிறேன் என்றால், சூப்பர்வைசரும் பிஷப்பும் பொருளில் ஒரே சொல்.

பிஷப்பின் மூலம் கிரேக்கத்து 'எபிஸ்கோபோஸ்': மேலிருந்து பார்ப்பவர். அதன் லத்தீன் இரட்டைதான் சூப்பர்வைசர். வடமொழி வழி வந்த 'அத்தியட்சர்' என்பதற்குள்ளும் ஒரு கண் இருக்கிறது. 1877இல் பிஷப்பாக அபிஷேகம் பெற்ற கால்டுவெல்லை அத்தியட்சர் என்றே எழுதினார்கள். சீர்திருத்தச் சபைகளின் பழைய தமிழ் வேதாகமம் நேராகவே 'கண்காணி' என்று போட்டது.

இன்று போர்டில் இருப்பது ஆயர். கத்தோலிக்கர்கள் மேற்றிராணியாரை விட்டு அதற்கு வந்தார்கள். அவர்களுக்குப் பேராயர் என்றால் ஆர்ச்பிஷப். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் பேராயர்தான் பிஷப். ஆயர் என்றால் உள்ளூர் சபையின் குருவானவர். விருதுநகர் மாவட்டத்துல ரெண்டு சபையும் இருக்கு. பத்திரிகையில் 'பேராயர்' என்று கண்டால், எந்தச் சபை என்று தெரியாமல் பதவி பிடிபடாது.

இந்தக் குழப்பம் பெரிய விஷயமில்லை. சொல்லிலிருந்து கண் போனதுதான் விஷயம். ஆயர், முல்லை நிலத்தில் மாடு மேய்த்தவர். அழகான சொல், பரிவுள்ள சொல். ஆனால் எந்த ஆடும் மாடும் மேய்ப்பவனிடம் கணக்குக் கேட்பதில்லை. மக்களை மந்தையாகவும் தலைவரை மேய்ப்பராகவும் மட்டுமே பார்க்கப் பழகிய இடத்தில், சபைச் சொத்துக்குக் கணக்குக் கேட்பவன் அடங்காத ஆடாகிவிடுகிறான்.

கண்காணிக்கும் கறை உண்டு, மறுக்கவில்லை. அதே சொல்தான் இலங்கை, மலாயாத் தோட்டங்களில் 'கங்காணி' ஆனது. ஆள் பிடித்து, முன்பணம் கொடுத்து, கடனில் கட்டிப்போட்டவரின் பெயர். அந்த நிழல் விழுந்த சொல்லால் ஒரு பிஷப்பைக் கூப்பிட யாருக்கு வாய் வரும்?

ஆனாலும் அப்போஸ்தலர் நடபடிகள் 20:28ஐ எடுத்துப் பாருங்கள். மந்தையும் கண்காணியும் ஒரே வசனத்தில் சேர்ந்து வருகின்றன. மேய்ப்பது வேறு, பார்ப்பது வேறு என்று அங்கே பிரிக்கவில்லை. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பும் 'சபைக் கண்காணிப்பாளர்' என்று வைத்திருக்கிறது. புத்தகத்துக்குள் பத்திரமாக இருக்கிற பொருள், வாசல் பலகைக்கு வரவில்லை.

பலகையை மாற்றச் சொல்லவில்லை, ஆயர் இருக்கட்டும். கூப்பிடும்போது, அதற்குள் ஒரு காலத்தில் கண் இருந்தது என்பது நமக்கு ஞாபகம் இருக்கட்டும். பார்க்க வேண்டியவர் பார்க்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை இந்த ஊருக்கு யாரும் அகராதி வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை.