மலையா, மழையா: விசைப்பலகை என்ற பிரதி

கொடைக்கானலில் இருக்கும் அண்ணன் ஐப்பசியில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். 'மலையப் பாத்து வா' என்று வாசித்துவிட்டு வத்தலக்குண்டில் பஸ் ஏறினேன். பெருமாள்மலைக்குக் கீழே மரம் விழுந்து மூணு மணி நேரம் நின்றோம். போய்ச் சேர்ந்ததும் அவர் சொன்னது: 'மழையப் பாத்து வான்னுல்லடா அனுப்பிச்சேன்!' அழைப்பும் எச்சரிக்கையும் ஒரே எழுத்துக்கூட்டில் அடங்கிவிட்டன.

இந்த மலைக்கு இது புதிதல்ல. பழனி மலையை வெள்ளைக்காரர்கள் தங்கள் ஏடுகளில் 'புல்னி' என்று எழுதினார்கள். அது அந்நியக் காதின் பிழை. இன்று ழகரத்தை விடுவது நம் விரல். கவனியுங்கள்: ழகரம் வராத வாய்கூட இங்கே 'மளை' என்றுதான் சொல்லும், 'மலை' என்று சொல்லாது. நாக்கு காப்பாற்றி வைத்திருக்கும் வேறுபாட்டை விசைப்பலகை அழிக்கிறது.

ஸ்பானிய மொழிக்காரர்களுக்கும் இதே பாடுதான். நம் ஞகர ஒலிக்கு அவர்களிடம் தலையில் சுழி போட்ட ஓர் எழுத்து உண்டு. சுழி விட்டுப்போனால் 'ஆண்டு' என்ற சொல் 'மலவாய்' ஆகிவிடும். அந்த எழுத்து விசைப்பலகையில் கட்டாயம் என்ற ஸ்பெயினின் விதியை, வர்த்தகத்துக்குத் தடை என்று 1991இல் ஐரோப்பியச் சமூகம் எதிர்த்தது. 1993இல் ஸ்பெயின் சட்டம் போட்டு அதைக் காத்துக்கொண்டது.

நமக்கோ தடை போட்டவர் யாருமில்லை. 1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே ழகரத்துக்குத் தனி இடம் இருந்தது. 1999இல் தமிழ்99 வந்தது. 2005இல் கைப்பேசிக்குச் செல்லினம் வந்தது. பிறகும் ஏன் ஆங்கில எழுத்து?

சோம்பல் என்பது பண்டிதர் பதில். எனக்கு வேறு தோன்றுகிறது. ஆங்கில எழுத்தில் 'பாத்து' என்று கூச்சமில்லாமல் அடிக்கலாம். தமிழ் எழுத்துக்கு மாறியதும் கைப்பேசி 'பார்த்து' என்று திருத்தப் பார்க்கிறது. பள்ளிக்கூட வாத்தியார் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்கிறார். ஆக நமக்குக் கிடைக்கும் தேர்வு இதுதான்: பேச்சு வேண்டுமென்றால் ழகரத்தை விடு, ழகரம் வேண்டுமென்றால் பேச்சை விடு. இது தொழில்நுட்பச் சிக்கல் மட்டுமல்ல. எழுதத் தகுந்த தமிழ் எது என்று நெடுங்காலமாகச் செலுத்தப்பட்டுவரும் அதிகாரம் இப்போது பரிந்துரைப் பட்டியலாக வந்திருக்கிறது. தூய தமிழுக்கு வாதாட நான் வரவில்லை. ழகரமும் வேண்டும், 'பாத்து'வும் வேண்டும். இரண்டும் எங்க ஊர்ப் பேச்சில் சேர்ந்தேதான் இருக்கின்றன.

போன வாரம் அண்ணனுக்குத் தமிழ் எழுத்திலேயே அடித்தேன்: 'மழ நின்னுருச்சாண்ணே?' அடியில் சிவப்புக் கோடு விழுந்தது. அப்படியே அனுப்பினேன்.